ஆடிட்டுக்குத் தயார் செய்த தசை

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் தையல், செக்கிங், பேக்கிங் என்று எல்லாப் பிரிவுப் பெண்களுக்கும் சேர்த்து இரண்டே கழிப்பறைகள். காலை டீக்கு மணி அடித்தால் கேன்டீன் பக்கம் ஒரு கூட்டம் ஓடும், கழிப்பறைப் பக்கம் அதைவிடப் பெரிய கூட்டம் ஓடும். மறுமணி அடிப்பதற்குள் இரண்டையும் முடித்துவிட்டு மெஷினுக்கு வந்து உட்காருகிறவள் கெட்டிக்காரி. என் நோயைப் பற்றிச் சொல்வதென்றால் அந்த வரிசையில்தான் தொடங்க வேண்டும். டாக்டர்களுக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்தது அந்த வரிசைதான்.

என் பெயர் சாந்தாமணி. செக்கிங் பிரிவுக்கு இன்சார்ஜ். தைத்து வரும் பனியன்களையும் குழந்தைத் துணிகளையும் டேபிளில் விரித்துப் போட்டு, தையல் விட்டது, ஓட்டை விழுந்தது, எண்ணெய்க் கறை பட்டது என்று பிரித்தெடுக்கும் வேலை. சரியாக இருந்தால் பாஸ். திருத்தினால் சரியாகும் என்றால் ஆல்டர். ஒன்றுக்கும் ஆகாது என்றால் ரிஜெக்ட். இந்த மூன்று சொற்களைச் சொல்லியே என் முக்கால் ஆயுள் போய்விட்டது. வாய் கொஞ்சம் நீளம் என்று கம்பெனியில் எனக்குப் பெயர். அது பொய்யில்லை.

எனக்கு அடிக்கடி அவசரம் வர ஆரம்பித்தது. ஓடிப் போய் உட்கார்ந்தால் ஒன்றும் இருக்காது. எழுந்து வந்தால் மறுபடி அவசரம். வரிசையில் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஓவர்லாக் மெஷின் ஓட்டும் மாரியம்மாள் எனக்கு முன்னால் நின்றிருந்தால் தன் இடத்தை விட்டுக் கொடுத்துவிடுவாள். சிவகாசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அவளுக்குச் சுகர், அவளுக்கும் அவசரம்தான்.

“நீங்க போங்கக்கா. ஒங்க மூஞ்சியே சரியில்ல” என்பாள்.

ரத்தமும் வந்தது. மூலம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். துத்தி இலை அரைத்துக் குடித்தேன். கருணைக்கிழங்கை வேகவைத்துத் தின்றேன். வீட்டுக்கு வந்த ஒரம்பரைச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், எல்லாவற்றையும் செய்தேன். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. வெட்கம்தான், வேறு காரணமில்லை. ஒருநாள் மாரிதான் வரிசையில் வைத்தே பிடித்துக்கொண்டாள்.

“ரத்தம் வருதுன்னு சொல்றீக. இன்னும் டாக்டர்ட்ட காட்டலன்னும் சொல்றீக. ஒரு பீஸ்ல கறை இருந்தா நீங்க பாஸ் போடுவீகளாக்கா?”

அடுத்த நாள் போனேன்.

டாக்டர் கையுறை போட்டு விரலை விட்டுப் பார்த்தார். மலக்குடலுக்கு அதுதான் முதல் சோதனை. ஒரு பனியனைச் செக் பண்ணுகிற நேரம்கூட ஆகவில்லை. அந்த நேரத்து வெட்கத்துக்குப் பயந்துதான் நான் அத்தனை கிழங்கு தின்றிருக்கிறேன். விரலில் ஏதோ தட்டுப்பட்டது என்றார். பிறகு குழாய் முனையில் கேமரா வைத்து உள்ளே பார்த்தார்கள், சதையில் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு புற்று என்று வந்ததும் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

கோயமுத்தூர் டாக்டர் மெதுவாகப் பேசுகிறவர். எதைச் சொன்னாலும் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுவிடுவார். குடலின் கடைசிச் சாண் மலக்குடல். அதன் வாயில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. நாம் அடக்கிக்கொள்வதும் போவதும் அந்த வளையத்தின் தயவில்தான். என் கட்டி அந்த வளையத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கட்டியை எடுத்தால் வளையமும் போகும், வாயைத் தைத்து மூடிவிட வேண்டும்.

“அப்ப நான் எங்கீங்க போறது?” என்று கேட்டேன்.

“வயித்துல ஒரு வழி வெப்போம்மா. அதுல ஒரு பை ஒட்டிக்கணும்.”

“எத்தனை நாளைக்குங்க?”

“கடைசி வரைக்கும்.”

என் வீட்டுக்காரர் துரைசாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சொந்தமாக ஒரு டெம்போ வைத்து மங்கலத்துக்கும் பல்லடத்துக்கும் துணிச்சுமை ஓட்டுகிறவர். பேசவே மாட்டார். அன்றைக்கு அவர் எழுந்துபோய் வெளியே நின்றுகொண்டார். நான்தான் மிச்சத்தைக் கேட்டுக்கொண்டேன்.

முதலில் கதிர்வீச்சும் மாத்திரையும். பிறகு அறுவை சிகிச்சை. கதிர்வீச்சுக்குக் காத்திருக்கும் கூடத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் எங்கே என்று கேட்டுக்கொள்வார்கள். மார்பு, தொண்டை, நாக்கு என்று சொல்வார்கள். நான் வயிறு என்பேன். முழுசாகச் சொல்ல அங்கேயும் வாய் வரவில்லை, இத்தனை பேசுகிற எனக்கு.

அறுவை சிகிச்சை முடிந்து வந்த பையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. தொப்புளுக்கு இடப்பக்கம் குடலின் முனை சிவப்பாக வெளியே தெரியும். அதைச் சுற்றி ஒரு தகடு ஒட்டி, அதில் பையை மாட்ட வேண்டும். தகட்டின் ஓட்டையை அளவு பார்த்துக் கத்தரிக்க வேண்டும். பெரிதாகிவிட்டால் தோல் புண்ணாகும், சிறிதாகிவிட்டால் குடல் நெரியும். இந்த வேலையை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். கத்தரித்துக் கொண்டுவந்து காட்டுவார்.

“அளவு பாரு அம்மிணி.”

“ரிஜெக்ட்.”

“ஏனுங் மேடம், வட்டமாத்தான இருக்குது?”

“வட்டத்துல ஒரு பக்கம் இழுத்திருக்குதுங்க. ஆல்டர் பண்ணுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே திருத்துவார். அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அந்தத் தகட்டை வைத்துத்தான்.

மற்ற நேரமெல்லாம் சிரிப்பு இல்லை. பைக்குக் காது கேட்காது, எங்கே வேண்டுமானாலும் சத்தம் போடும். துணி வாங்க வரும் பையரோடு பேசிக்கொண்டிருக்கும்போது போடும், கோயிலில் போடும். நாற்றம் வருகிறதோ என்று பத்துப் பேர் நடுவில் நின்று நானே என்னை மோந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினேன். கம்பெனியில் டீ நேரத்தில் வரிசைப் பக்கமே போகமாட்டேன். எல்லாரும் மெஷினுக்குத் திரும்பிய பிறகு தனியாகப் போய்க் காலி செய்துகொண்டு வருவேன். உயிரோடு இருக்கிறாய், அது போதாதா என்பார்கள். போதாது. நன்றி கெட்டவள் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

செக்கப் தொடர்ந்தது. இந்த நோய் எடுத்த இடத்திலேயே மறுபடி முளைக்கக் கூடும், முதல் சில வருஷங்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டியவை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்றே வந்தது. இப்படி இரண்டு வருஷம் தாண்டியதும் ஒருநாள் அவர் சீட்டைத் திருப்பி வைத்து மறுபடி படம் போட ஆரம்பித்தார்.

அவர்கள் ஒரு ஆராய்ச்சி செய்கிறார்கள். தொடையின் உட்புறத்தில் நீளமாக, ஒல்லியாக ஒரு தசை உண்டு. அது இல்லாமலும் நடக்கலாம். அதை ஒரு முனையில் விடுவித்து, மேலே கொண்டுவந்து, பழைய வாய் இருந்த இடத்தில் குடலை இறக்கி, அதைச் சுற்றி வளையமாகப் போடுவார்கள். அடிவயிற்றுத் தோலுக்குக் கீழே தீப்பெட்டி போல ஒரு கருவி. அதிலிருந்து ஒரு ஒயர் தசைக்குப் போகும். கருவி சின்னச் சின்னதாய் மின்சாரம் கொடுத்தால் தசை சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் ரிமோட்டில் நிறுத்திக்கொள்ளலாம்.

“தசைன்னா சரீங்க. கரண்ட் எதுக்குங்க?” என்றேன்.

“தொடைத் தசை ஓட்டக்காரன் மாதிரிம்மா. கொஞ்ச நேரம் வேகமா ஓடும், அப்புறம் மூச்சு வாங்கும். நமக்கு வேணுங்கறது வாட்ச்மேன். நாளெல்லாம் அசையாம உக்காந்திருக்கணும். கரண்ட் கொடுத்துக் கொடுத்துத்தான் அதைப் பழக்கணும்.”

பிறகு பேனாவை வைத்துவிட்டு அடுத்ததைச் சொன்னார். நோய் திரும்பி வந்தால் இப்போது விரலுக்குச் சீக்கிரம் தட்டுப்படும். சுற்றிலும் தசையைப் போட்டுவிட்டால் அது மறைந்துகொள்ளக் கூடும். இந்த ஆராய்ச்சியில் அவர்களுக்கே பெரிய பயம் அதுதான். அதனால் தசையைப் பழக்கி முடிக்கும்வரை பை இருக்கும். கடைசியில் ஒரு ஸ்கேன். அதில் சுத்தம் என்று வந்தால்தான் பையை மூடுவார்கள். இல்லையென்றால் பை நிரந்தரம், புதுத் தசையையும் சேர்த்தே வெட்டி எடுக்க வேண்டி வரலாம்.

என் வீட்டுக்காரருக்குச் சம்மதமில்லை. “நல்லாத்தான இருக்கற. எதுக்கு மறுக்காவும் கத்தி?” என்றார்.

“நீங்க ஒரு நாளைக்குக் கட்டிப் பாருங்க, தெரியும்” என்று சொன்னேன். கோபத்தில் சொன்னது. அவர் மறுநாள் காலையில் ஒரு தகட்டை எடுத்துத் தன் வயிற்றில் ஒட்டி, பையில் ராகிக்கூழை ஊற்றி மாட்டிக்கொண்டு டெம்போ எடுத்துப் போனார். பல்லடம் ரோட்டில் எத்தனை வேகத்தடை உண்டு என்று அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் வந்தபோது சட்டையெல்லாம் கூழ். வண்டியிலிருந்து இறங்காமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“போலாம் அம்மிணி. கோயமுத்தூருக்கு எப்ப வரச் சொன்னாங்க?” என்றார்.

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் எனக்குச் செய்ததிலேயே பெரிய காரியம் அது. அவரிடம் சொன்னதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அறுவை சிகிச்சை நடந்தது. தொடையில் நீளமாகத் தையல். இடப்பக்கக் குடலைக் கீழே இறக்கிவிட்டதால் பை வலப்பக்கத்துக்கு மாறியது. புண் ஆறியதும் அந்த ஆராய்ச்சியைக் கவனிக்கும் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் கருவியை முதல்முறை முடுக்கிவிட்டார். டவுசரில் சுருக்குக் கயிறு கோத்திருப்போமே, அதை யாரோ உள்ளேயிருந்து மெல்ல இழுத்தது போல இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியா என்று சிஸ்டர் கேட்டார். இல்லீங்க, பிடிக்குதுங்க என்றேன். அங்கே எதுவும் பிடித்து எனக்கு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

பழக்குவதற்கு ஒரு முறை இருந்தது. கொஞ்ச நேரம் ஓட வேண்டும், கொஞ்ச நேரம் ஓய்வு. வாராவாரம் ஓட்டத்தைக் கூட்டி ஓய்வைக் குறைக்க வேண்டும். ரிமோட்டில் வேகத்தை ஏற்றவும் இறக்கவும் எனக்குக் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தார்கள். தசை வேகமாகக் கற்றுக்கொண்டது. சிஸ்டர் விரல் வைத்துப் பார்த்து, நல்லா இறுக்குதுக்கா என்று சொல்லும்போது, பரீட்சையில் பாஸான பிள்ளையின் தாய் போல நான் நின்றிருப்பேன்.

ஸ்கேன் நாள் வந்தது. இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுப் பையர் கம்பெனியைச் சோதிக்க வருவதை ஆடிட் என்போம். அதில் தேறினால்தான் ஆர்டர். ஆடிட் என்றால் இரண்டு நாளைக்கு முன்பே கம்பெனி மாப்பிள்ளை வீடு போல ஆகிவிடும். தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிப்பார்கள். என்றைக்கும் போடாத மாஸ்க்கை எல்லாரும் போடுவோம். கழிப்பறையில் சோப்பு வந்து உட்காரும். முக்கியமாக, எந்த மெஷினும் சும்மா நிற்கக் கூடாது. வேலை இல்லாத மெஷினில்கூட வேஸ்ட் துணியைப் போட்டு ஓட்டிக்கொண்டிருப்போம். பையர் உள்ளே நுழையும்போது கம்பெனி முழுக்க ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நிற்கிற மெஷினைப் பார்த்தால் ரிப்பேர் என்று எழுதிவிடுவான் என்பது எங்கள் நம்பிக்கை.

ஸ்கேனும் எனக்கு ஒரு ஆடிட்தான். தேறினால் பையை மூடுவார்கள். தசை எவ்வளவு ஜோராக வேலை செய்கிறது என்று படத்தில் தெரிய வேண்டாமா? முந்தின நாளே கருவியின் வேகத்தை ஏற்றிவிட்டேன். ஓய்வு நேரத்திலும் நிறுத்தவில்லை. ஸ்கேன் அன்று காலை, வெறும் வயிற்றோடு வண்டியில் போகும்போதும் அது இழுத்துக்கொண்டேதான் இருந்தது. கையில் ஊசி போட்டு ஒரு தனி அறையில் உட்கார வைத்தார்கள். நடக்கக் கூடாது, பேசக் கூடாது, அசையாமல் இருக்க வேண்டும் என்றார்கள். நான் நடக்கவில்லை, பேசவில்லை. உள்ளே தசை மட்டும் உயிரைக் கொடுத்து உழைத்துக்கொண்டிருந்தது. எனக்கோ ரொம்பத் திருப்தி.

முடிவைச் சொல்ல எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். டாக்டர் சீட்டைத் திருப்பவில்லை, படமும் போடவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். பழைய இடத்தில், புது வளையத்தோடு ஒட்டி, விளக்குப் போட்டது போல வெளிச்சம்.

“தசை கொஞ்சம் தெரியும்னு எதிர்பார்த்தோம்மா. இது ரொம்ப அதிகம். ஒரு பக்கம் கட்டி மாதிரியே தெரியுது. திரும்ப வந்திருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. ஊசி விட்டுச் சதை எடுத்துப் பாத்துரலாம்.”

“ஊசி விட்டா தசைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?”

“ஆகலாம். நரம்புல பட்டா இத்தனை நாள் பழக்கினது வீணாப் போகலாம். ஆனா வேற வழி தெரியலம்மா. உள்ள உலோகம் இருக்கறதால எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது.”

நான் தலையாட்டினேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். பயமாக இருந்தது. முதல்தடவை இல்லாத பயம். முதல்தடவை என்ன வரப்போகிறது என்று தெரியாது, இந்தத் தடவை எல்லாம் தெரியும். அதோடு ஒரு கோபம். தேடிப் போய் இந்தத் தசையைச் சுற்றிக்கொண்டு, நோய்க்கு நானே திரை கட்டிக் கொடுத்தேனோ என்று. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். துரைசாமி என் கையைப் பிடிக்கவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. எழுந்துபோய் ஒரு இளநீர் வாங்கிவந்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்றிருந்தார்.

சதை எடுக்கும் நாளைக்குள் நான் வீட்டில் சில ஏற்பாடுகள் செய்தேன். பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று அவருக்குக் காட்டினேன். மாரியைக் கூப்பிட்டு, செக்கிங் டேபிளுக்கு யாரைப் போடலாம் என்று மேனேஜரிடம் நான் சொன்னதாகச் சொல்லச் சொன்னேன்.

“ஒங்க வாய்க்கு எமனே பயந்து ஓடுவான். போயிட்டு வாங்கக்கா” என்றாள்.

அந்த நாளில் கட்டிலில் படுக்க வைத்து, பச்சை உடுப்புப் போட்டு, ஸ்டெல்லா சிஸ்டர் கருவியை நிறுத்தினார். டாக்டர் கையெழுத்து வாங்க வந்தார். கட்டிலோரம் நின்றிருந்த என் வீட்டுக்காரர் திடீரென்று ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் அவர் அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“ஏனுங் டாக்டர், இது என்னங்க நாயம்? நீங்க சொன்னதுக்கு மேலயே செஞ்சாளுங்க இவ. ஸ்கேனுக்குன்னு முந்துன நாள்ல இருந்தே மெஷின நிறுத்தவே இல்லீங்க. வேகத்தையும் ஏத்தி வெச்சுட்டாளுங்க. ஊசி போட்டு உக்கார வெச்சீங்களே, அப்பக்கூட ஓடிட்டேதானுங்க இருந்துச்சு. இத்தனை செஞ்சவளுக்கா மறுக்காவும் வரோணும்?”

டாக்டர் பேனாவை மூடினார்.

“என்ன சொன்னீங்க? ஊசி போட்ட பிறகும் ஓடுச்சா?”

“ஓடுச்சுங்க.”

“ஏம்மா, நிறுத்தலையா நீங்க?”

ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டேன் போல இருந்தது. “நிறுத்தச் சொல்லலீங்களே. நல்லா வேல செய்யறது தெரியட்டும்னுதானுங்க...” என்றேன்.

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டெல்லா சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகுதான் சீட்டு வந்தது, படம் வந்தது. அந்த ஊசியில் இருப்பது கதிரியக்கம் சேர்த்த ஒருவகைச் சர்க்கரை. உடம்பில் எது ஓயாமல் உழைக்கிறதோ அது சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்ளும். புற்று ஓயாமல் பெருகுவதால் இழுக்கும், படத்தில் வெளிச்சமாகத் தெரியும். ஆனால் உழைக்கும் தசையும் இழுக்கும். அசையாமல் உட்காரச் சொல்வதே அதற்குத்தான். நான் அசையவில்லை, என் தசையை ஓவர்டைம் பார்க்க வைத்திருக்கிறேன். ஒயர் போய்ச் சேரும் பக்கம் அதிகம் உழைத்திருக்கும், அதனால் அந்தப் பக்கம் கட்டி போலத் தெரிந்திருக்கலாம்.

“இருக்கலாம்னுதான் சொல்றேன். இல்லாமலும் போகலாம். நிறுத்தி வெச்சு இன்னொரு தடவ ஸ்கேன் எடுப்போம். அதுக்கு முன்னால ஊசி விட்டுச் சதை எடுக்க வேண்டாம்” என்றார். எழுந்து போகும்போது திரும்பினார். “நாங்க சொல்லியிருக்கணும்மா. எங்களுக்குத் தோணல. வழக்கம்போலத்தான் வெச்சிருப்பீங்கன்னு நெனச்சுட்டோம்.”

பெரிய டாக்டர் ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

அடுத்த ஸ்கேன்வரை கருவியை நிறுத்தி வைத்திருந்தேன். நிறுத்தினால் தசை கற்றதை மறந்துவிடுமோ என்று ஒரு பயம். வெளிச்சம் அப்போதும் இருந்தால் என்ன செய்வது என்று இன்னொரு பயம். இரண்டில் எது பெரிது என்று தெரியாமலே சமைத்தேன், துவைத்தேன், கம்பெனிக்குப் போனேன். அந்த நாட்களில் நான் ரிஜெக்ட் போட்ட பீஸ்களைக் கணக்கெடுத்தால் முதலாளி அழுதிருப்பார்.

இரண்டாவது தடவை அந்த அறையில் உட்கார்ந்தபோது எல்லாமே நின்றிருந்தது. கருவி ஓடவில்லை, வாயும் ஓடவில்லை. ஆடிட் நாளில் கரண்ட் போன கம்பெனி போல இருந்தேன். நிற்கிற மெஷினை வைத்துக்கொண்டு தேற வேண்டிய ஆடிட் இது ஒன்றுதான் என்று நினைத்துச் சிரிப்புக்கூட வந்தது. அதையும் அடக்கிக்கொண்டேன், முகத்துத் தசை உழைத்துவிடக் கூடாதே என்று.

திரையைத் திருப்பிக் காட்டினார் டாக்டர். வளையம் இருந்த இடம் இருட்டாக இருந்தது. அந்த இருட்டை நான் ரொம்ப நேரம் பார்த்தேன்.

“சுத்தமா இருக்குது. பையை மூடிரலாம்மா” என்றார்.

“பாஸுங்களா?” என்றேன்.

“பாஸ்.”

துரைசாமி டெம்போவில் ஏறி உட்கார்ந்தவர் வண்டியை எடுக்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் எட்டிப் பார்த்து, “சித்த இருங்கண்ணா, சந்தோசத்துல அழுகறாரு” என்றேன். அந்த மனிதர் ஹாரனை விட்டுவிட்டார்.

பையை மூடினார்கள். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. முதல் வாரங்களில் சேலை நனைந்திருக்கிறது, அழுதிருக்கிறேன். பழைய மாதிரி தெளிவாக அவசரம் தெரியாது, அடியில் ஒரு கனம் மட்டும் தெரியும், அதைப் படிக்கப் பழக வேண்டும். சில நாள் குடலைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். எதையெதைத் தின்றால் அது நம்மைக் காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெளியூர் போனால் இன்றைக்கும் மாற்றுச் சேலை எடுத்துக்கொள்கிறேன். செக்கப்பும் நிற்கவில்லை. நோய் திரும்பி வராது என்று டாக்டர் எழுதிக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. ஆனால் ஆராய்ச்சியில் சேருகிற புது ஆட்களிடம் இப்போது ஸ்டெல்லா சிஸ்டர் மறக்காமல் ஒன்று சொல்கிறாராம், ஸ்கேனுக்கு முந்தின நாளே கருவியை நிறுத்திவிட வேண்டும் என்று. அது ஏன் வந்தது என்று யாராவது கேட்டால், திருப்பூர்க்காரர் ஒருத்தரால் என்பாராம்.

மறுபடி வேலைக்குப் போனேன். முதல் சில நாட்கள் பழையபடி எல்லாரும் போன பிறகே போனேன், தைரியம் வரவில்லை. பிறகு ஒருநாள் காலை டீக்கு மணி அடித்தபோது அடியில் அந்தக் கனம் தெரிந்தது. எழுந்து போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நிறையப் பேர். பின்னால் பேக்கிங் பிள்ளைகள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வரிசை நகர்ந்து நகர்ந்து, அடுத்து நான்தான் என்று ஆனபோது, பின்னாலிருந்து மாரி வந்தாள். சுகர் மாத்திரை மாற்றியிருந்தார்கள் போல, முகமெல்லாம் வேர்த்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். என்னைப் பார்த்ததும் பழைய ஞாபகத்தில் ஒதுங்கினாள்.

“போங்கக்கா, நீங்க போங்க” என்றாள்.

கதவு திறந்தது.

“நீ போ மாரி. எனக்கு அவசரமில்ல” என்றேன்.

அவள் என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். பிறகு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். அவசரமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றேன்.